மரிபெல்லா வந்த நாள்

மரிபெல்லா என்ற பயணிகள் கப்பல் போர்ட் சைத் துறைமுகத்துக்கு வருகிறது என்கிற செய்தி, படகுக்காரர் தர்வீஷுக்கு முன்னால் அவர் மனைவி நஜாத்துக்குத் தெரிந்துவிட்டது. இந்தக் கால்வாய்க் கரையில் அது நடக்கக்கூடாத காரியம். எந்தக் கப்பல் எப்போது வரும் என்பதை முதலில் மோப்பம் பிடிப்பவர்கள் பம்பூத்திகள்தான். படகில் பித்தளைத் தட்டும் தோல் ஒட்டகமும் ஏற்றிக்கொண்டு போய், கப்பலில் வருகிறவர்கள் தலையில் கட்டுவது அவர்கள் பிழைப்பு. நாற்பது வருடம் அதில் ஊறியவர் தர்வீஷ். அன்று பார்த்துக் காப்பிக்கடைக்குப் போகாமல் படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார். அதற்குள் சந்து முழுக்கச் செய்தி பரவி, சக படகுக்காரன் மன்ஸியின் பெண்டாட்டி ஒரு பாட்டில் ரோஜா சர்பத்தோடு நஜாத்துக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டே போயிருந்தாள்.

தர்வீஷ் வீடு திரும்பியபோது, மகன் ஹம்தியின் மெத்தை பால்கனிக் கம்பிமேல் வெயிலில் கிடந்தது. இரண்டு வருடமாகச் சுருட்டி அலமாரிக்கு மேலே வைத்திருந்த மெத்தை. நஜாத் அதைக் கம்பால் அடித்துத் தூசி கிளப்பிக்கொண்டிருந்தாள். கீழ்வீட்டுக்காரி, காயப்போட்ட துணியெல்லாம் பாழாகிறது என்று கத்தியதை அவள் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை.

"மரிபெல்லா வருது," என்றாள் திரும்பாமலே. "செவ்வாய்க்கிழமை. ஊருக்கே தெரிஞ்சிருக்கு. கப்பலோட புகையைப் பாத்தே பேர் சொல்ற மனுஷன், உங்களுக்குத் தெரியல."

தர்வீஷ், ஏதாவது சொல்லவேண்டுமே என்று, "எந்த மரிபெல்லா?" என்று கேட்டுவைத்தார்.

"ஆமா, உங்களுக்கு ஊர்ப்பட்ட மரிபெல்லா இருக்கு. என் புள்ளை இருக்கிற மரிபெல்லாதான்."

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். தர்வீஷின் புளுகு இரண்டு வருடம் தாங்கிவிட்டது. அவரைவிடக் கெட்டிக்காரப் புளுகர் இந்தக் கரையில் இல்லை என்பதுதான் அதற்குக் காரணம். பாட்டில் கண்ணாடியைத் தேய்த்து, பார்வோன் கல்லறையிலிருந்து எடுத்த பச்சைக்கல் என்று சொல்லி விற்றவர் அவர். அந்தக் கல்லுக்கு ஒரு ராணியையும், ராணிக்கு ஒரு துரோகியையும், துரோகிக்கு ஒரு சாபத்தையும் நின்ற இடத்தில் உண்டாக்கிக் கொடுப்பார். வாங்கியவர்கள் கண் கலங்கிப் போனதும் உண்டு. அதில் அவருக்கு வெட்கம் கிடையாது. கதையும் சேர்த்துத்தானே விற்கிறேன், வெறும் கல்லை எவன் வாங்குவான் என்பார்.

ஹம்தி செத்துப்போன செய்தியைத் தர்வீஷிடம் கொண்டுவந்தவன் கரம், தெருக்கோடித் தையற்காரர் மகன். லிபியாக் கரையிலிருந்து இத்தாலிக்குக் கிளம்பிய ரப்பர்ப் படகில் இருவரும் ஒன்றாகத்தான் ஏறினார்கள். காற்று இறங்கிப் படகு மடங்கியபோது ஒன்றாகத்தான் தண்ணீரில் விழுந்தார்கள். மீன்பிடிக் கப்பல் ஒன்று வந்து தூக்கியது கரமை மட்டும். அவன் ஊர் திரும்பியதும் நேரே படகுத்துறைக்கு வந்து, ஒரு மூட்டை கயிற்றின் மேல் உட்கார்ந்து, தர்வீஷின் முகத்தைப் பார்க்காமல் எல்லாவற்றையும் சொன்னான். உங்க வீட்டுப் படி ஏற எனக்குத் தைரியம் இல்லை மாமா, நீங்களே அத்தைகிட்ட சொல்லிடுங்க என்றான். வேறு யாரிடமும் வாய் திறக்கவில்லை, ஒரு வாரம்கூட ஊரில் தங்கவில்லை. மறுபடி மேற்கே போய்விட்டான். போன இடம் தெரியவில்லை.

சொல்லிவிடத்தான் தர்வீஷும் அன்று படியேறினார். கதவைத் திறந்த நஜாத் அவர் முகத்தைப் பார்த்தாள். ஹம்தி போன நாளிலிருந்து சரியாகச் சாப்பிடாமல் நெஞ்சுக்கூடு தெரியக் கிடந்தவள். "என்ன சேதி?" என்றாள். கதவைப் பிடித்திருந்த கை வழுக்கியது. அவள் விழப்போகிறாள் என்று தெரிந்த அந்த நொடியில், நாற்பது வருடம் பழகிய நாக்கு தர்வீஷைக் கேட்காமலே வேலையைத் தொடங்கிவிட்டது.

"நல்ல சேதிதான். ஹம்தி ஒரு கப்பல்ல வேலைக்குச் சேந்துட்டான்."

எந்தக் கப்பல் என்று கேட்டாள். பேர் சொல்லாத கதையை யாரும் வாங்கமாட்டார்கள் என்பது தொழில் பாடம். மரிபெல்லா என்றார். மற்றவர்கள் செய்யமுடியாத தப்பு அது. கப்பல்களை அறிந்தவன் மட்டுமே செய்யக்கூடியது. மரிபெல்லா இந்தப் பக்கம் வந்து பல காலமாகியிருந்தது. உலகத்தின் மறுகோடியில் தீவுக்குத் தீவு ஓடிக்கொண்டிருக்கிறது, வயதாகிவிட்டது, அடுத்து உடைக்கத்தான் கொண்டுபோவார்கள் என்று காப்பிக்கடையில் பேசிக்கொண்டார்கள். திரும்பி வராத கப்பலில் மகனை ஏற்றிவிட்டால் அவனும் திரும்பி வரவேண்டியதில்லை. இவ்வளவு கணக்கையும் அவர் வாசற்படியில் நின்றபடியே போட்டார். காகிதம் இல்லாமல் போனதால் வேறு பெயரில் சமையற்கட்டில் வேலை செய்கிறான், போன் பேசினால் மாட்டிக்கொள்வான் என்று அதற்குக் கதவும் தாழ்ப்பாளும் வைத்தார்.

நஜாத் அன்று ராத்திரி ஒரு முழு ரொட்டி சாப்பிட்டாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினாள். மீன் சந்தைக்குப் போனாள், விலைக்குச் சண்டை போட்டாள், மன்ஸியின் பெண்டாட்டியைப் பார்த்துச் சிரித்தாள். அவள் தேறுவதைப் பார்க்கப் பார்க்க, உண்மை தர்வீஷின் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. தெரிந்த மாலுமி ஒருத்தனிடம் ஹம்தி சலாம் சொல்லியனுப்பினான் என்று அவ்வப்போது ஒரு சேதியையும் கொண்டுவந்து கொடுத்தார். மகனுக்காக செத்தவர்களுக்கான ஜனாஸாத் தொழுகையை, உடல் இல்லாமலே, கால்வாய் நடுவே படகில் தனியாக நின்று தொழுதார். தூரத்தில் பார்த்த மன்ஸி, கிழவனுக்குப் பக்தி முற்றிவிட்டது என்று கேலி செய்தான். தேள் கொட்டிய திருடன் எங்கே போய் அழுவான்.

அந்த மரிபெல்லாதான் இப்போது புதுப் பெயிண்ட் அடித்துக்கொண்டு வருகிறது.

திங்கட்கிழமை சாயங்காலம் தர்வீஷ் கடைசியாக ஒரு முயற்சி செய்து பார்த்தார். ஹம்தி வேறு கப்பலுக்கு மாறியிருந்தாலும் மாறியிருப்பான், கப்பல் வேலை அப்படித்தான், நிலையில்லாதது, ரொம்ப ஆசைப்படாதே என்று பக்குவமாக ஆரம்பித்தார். நஜாத் அடுப்பைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. போன மாதம் சலாம் வந்ததாக நீங்கள்தானே சொன்னீர்கள், அதற்குள் எங்கே மாறினான் என்று கேட்டாள். அவர் வைத்த தாழ்ப்பாள் அவர் கையையே நசுக்கியது. நஜாத் வெங்காயத்தைக் கருகும் பதத்துக்கு வதக்கி, அதில் அரிசியைப் போட்டு, ஹம்திக்குப் பிடித்த மீன் சோறு ஆக்கிக்கொண்டிருந்தாள். வீடு முழுக்க அந்த வாசனை. தர்வீஷ் எழுந்துபோய்ப் பால்கனியில் நின்றுகொண்டார்.

மறுநாள் விடிந்தபோது மரிபெல்லா பயணிகள் துறையில் கட்டியிருந்தது. தெருமுனையிலிருந்து பார்த்தாலே ஊருக்குள் இன்னொரு தெரு முளைத்த மாதிரி வெள்ளையாகத் தெரிந்தது. வழக்கம்போலப் பேருந்துகள் வரிசையாக வந்து பயணிகளை அள்ளிக்கொண்டு, முன்னும் பின்னும் போலீஸ் காவலோடு கெய்ரோவுக்குப் போய்விட்டன. கப்பல் நிற்பது எங்கள் ஊரில், பார்க்கப்போவது பிரமிடை. இந்த ஊரை எட்டிப்பார்க்கக்கூட அவர்களுக்கு நேரமிருக்காது. முழங்கால் வலிக்காரர்களும் வெயிலுக்குப் பயந்தவர்களும் மட்டும் கரையோரமாகக் கொஞ்சதூரம் நடந்து, கலங்கரை விளக்கத்தைப் படம் எடுத்து, யாராவது எதையாவது விற்றுவிடுவார்களோ என்ற கலவரத்தோடு திரும்பிவிடுவார்கள்.

நஜாத் பெருநாள் உடுப்பில் வந்தாள். கறுப்புப் பட்டு முக்காடு, கண்ணுக்கு மை. ஒரு கையில் தூக்குப்பாத்திரம், மறு கையில் ஹம்தியின் போட்டோ. துறைமுக வாசலுக்கு உள்ளே விடமாட்டார்கள் என்பதால் வெளியே இரும்புக் கதவோரமாக நின்றாள். தர்வீஷ் அன்று படகை எடுக்கவில்லை. அவளை அங்கே தனியாக விட அவருக்கு மனசு வரவில்லை. யாராவது ஒருவன், இவன் இந்தக் கப்பலில் இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்லிவிட்டால் அவள் விழுவாள். விழும்போது பக்கத்தில் இருக்கவேண்டும். அதற்குமேல் அவரிடம் யோசனை ஏதும் இல்லை.

கப்பல் வேலைக்காரர்கள் இரண்டும் மூன்றுமாக வெளியே வந்தார்கள். பலரும் ஆசியாக்காரர்கள். போன் பேச அட்டை எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு வேகமாகப் போனார்கள். நஜாத் ஒவ்வொருவர் முன்னாலும் போட்டோவை நீட்டினாள். அவள் பேசுவது அவர்களுக்குப் புரியவில்லை. சிலர் போட்டோவைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார்கள். ஒருத்தன் ஏதோ விற்கிறாள் என்று நினைத்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனான். வெயில் ஏறியது. வாசல் காவலாளி ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டான். அவள் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வருகிறவன் முகம் தெரியாது என்றாள்.

நடுப்பகல் வாக்கில் அரபு பேசுகிற ஒருத்தன் வந்தான். துனிசியாக்காரன், பேர் முன்ஸிஃப், சமையற்கட்டில் ரொட்டி சுடுகிறவன். அம்மா என்று கூப்பிட்டான். அந்த ஒரு சொல்லுக்கே நஜாத்தின் கண் நிறைந்துவிட்டது. தர்வீஷ் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அவளுக்குப் புரியாதபடி, கப்பல்காரர்களிடம் பொறுக்கிய இத்தாலியச் சொற்களில், வேலையாக இருக்கிறான் என்று சொல், அது போதும் என்று உதட்டை அசைத்துக் கெஞ்சினார். கையைக் கூப்பிக்கூடக் காட்டினார். முன்ஸிஃப் அவரைப் பார்த்தான். பாதி புரிந்து பாதி புரியாமல் போட்டோவை வாங்கிப் பார்த்தான்.

பார்த்த முகம் மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது, கப்பலில் ஊர்ப்பட்ட பேர், ஒரு தளத்துக்காரனுக்கு இன்னொரு தளத்துக்காரனைத் தெரியாது என்றான். நல்ல மனசுக்காரன். அவள் மனம் நோகக்கூடாது என்றுதான் அப்படிப் பட்டும் படாமலும் சொன்னான். தர்வீஷுக்கு மூச்சு வந்தது. இதோடு விட்டிருந்தால் போதும்.

"சமையக்கட்டுலதான்பா இருக்கான். வேலையா இருப்பானோ? அதான் இறங்கி வர முடியலையோ?" என்று நஜாத் கேட்டாள்.

"இன்னைக்கு ஏதும்மா வேலை? சாப்பிடறவங்க எல்லாம்தான் கெய்ரோ போயிட்டாங்களே. சமையக்கட்டு ஆளுங்க எல்லாரையும் இறங்க விட்டுட்டாங்க. வரணும்னு நெனச்சவன் எல்லாம் காலையிலேயே வந்தாச்சு."

வெள்ளந்தியாகச் சொன்ன பேச்சுதான். சொல்லிவிட்டு அவள் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய்விட்டான். நஜாத் விழவில்லை. அவள் விழுவாள் என்று எதிர்பார்த்துக் கையை நீட்டத் தயாராக நின்ற தர்வீஷ், அவள் விழாததைக் கண்டு பயந்தார். போட்டோவை மெல்ல முக்காட்டுக்குள் வைத்துக்கொண்டாள். தூக்குப்பாத்திரத்தை எடுத்தாள். கரையோரத் தெருவில் நடந்து, கப்பலின் முழுப்பக்கமும் தெரிகிற இடத்தில், படகுகள் கட்டும் படித்துறையின் மேற்படியில் உட்கார்ந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வரணும்னு நெனச்சவன் எல்லாம் வந்துட்டான்," என்றாள்.

தூக்குப்பாத்திரத்தை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"அவன் நெனைக்கல. அன்னைக்கு நான் சொன்னதை மனசுல வச்சிருக்கான்."

ஹம்தி கிளம்பிய அன்று வீட்டில் நடந்த சண்டை தர்வீஷுக்கு நினைவிருந்தது. நஜாத் பையைப் பிடுங்கினாள், கதவை மறித்தாள், ஒன்றும் பலிக்காமல் போனபோது, போறதுன்னா போ, ஆனா இனி என் மூஞ்சியில முழிக்காதே என்று சொல்லிவிட்டாள். எந்தத் தாயும் வாயில் வந்தபடி சொல்கிற பேச்சுதான். சொன்ன சூட்டோடு மறந்துபோகிற பேச்சு. அவன் உயிரோடு இருந்திருந்தால் இத்தாலியில் கால் வைத்ததும் முதல் போன் அவளுக்குத்தான் போட்டிருப்பான். தர்வீஷுக்கு அது நிச்சயமாகத் தெரியும். அவளுக்குத் தெரியவில்லை. தெரியவிடாமல் செய்தவர் அவர்.

நஜாத் கப்பலின் ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த ஜன்னலுக்குப் பின்னால் நின்று தன்னைப் பார்க்கிறான் என்று தேடுகிறாள் என்பது அவருக்குப் புரிந்தது. சற்று நேரத்தில் கப்பலோடு பேசவே ஆரம்பித்துவிட்டாள். கத்தவில்லை. மேசைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவனிடம் சொல்வதுபோலத் தாழ்ந்த குரலில், தெரியாமல் சொல்லிவிட்டேன், பெற்றவள் சொன்னதைப் பிடித்துக்கொண்டு இப்படிச் செய்யலாமா, முகம்கூடக் காட்டவேண்டாம், கையை மட்டும் ஜன்னலுக்கு வெளியே நீட்டு போதும் என்றாள். போகிற வருகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தொப்பி போட்ட ஒரு கிழப்பயணி நின்று பார்த்துவிட்டு, பிச்சை கேட்பாள் என்று நினைத்தோ என்னவோ, தெருவின் மறுபக்கத்துக்கு மாறிப்போனார்.

செத்த மகனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவன் கோபித்துக்கொள்ளவே இல்லை என்று சொல்ல உலகத்தில் ஒரே ஒருவன் இருக்கிறான். தர்வீஷுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. இரண்டு வருடமாகத் தொண்டையில் நின்ற முள்ளை அந்தப் படியில் உட்கார்ந்து கக்கினார்.

"ஹம்தி அம்மா, இங்க பாரு. அவன் அந்தக் கப்பல்ல இல்ல. எந்தக் கப்பல்லயும் இல்ல. கடல்லயே போயிட்டான். கரம் என்கிட்ட வந்து சொன்னான். ராத்திரி பூரா ஒருத்தன் கையை ஒருத்தன் பிடிச்சுக்கிட்டு மிதந்திருக்கானுங்க. விடியறதுக்குள்ள கை நழுவிடுச்சாம். உன்னைப் பத்தித்தான் பேசிக்கிட்டிருந்தானாம். உன்மேல அவனுக்கு ஒரு கோவமும் இல்ல. நான்தான் உன்கிட்ட பொய் சொன்னேன்."

நஜாத் அவர் பக்கம் திரும்பினாள். அவர் கண்ணீரைப் பார்த்தாள். முகத்தில் எந்த மாறுதலும் இல்லை. விலை படியாத சரக்கைப் புரட்டிப் பார்ப்பதுபோல அவரை நிதானமாகப் பார்த்தாள்.

"நல்லா இருக்கு," என்றாள். "இதையும் நல்லாத்தான் சொல்றீங்க."

"அல்லா மேல ஆணையா சொல்றேன்."

"அந்த ஆணையைத்தானே தெனமும் படகுல வச்சு விக்கிறீங்க. கண்ணாடித் துண்டுக்குப் போடற ஆணை."

தர்வீஷ் அவள் கையைப் பிடித்தார். கரமைக் கேள் என்று சொல்லவந்தவருக்கு, கரம் எங்கே என்று தனக்கே தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. தையற்காரரிடம் கேட்கலாம் என்றால், மகன் அப்பனிடமும் ஒன்றும் சொல்லாமல்தான் போயிருந்தான். உடல் இல்லை, கல்லறை இல்லை, சாட்சி இல்லை. ஊர் கூடிச் செய்யவேண்டிய தொழுகையைத் தனியாகச் செய்துகொண்டவர் அவர். பொய்க்கு இரண்டு வருடத்துச் சலாம்கள் சாட்சியாக இருந்தன. உண்மைக்கு அவர் வாய் ஒன்றுதான் இருந்தது. அந்த வாயின் லட்சணம் ஊருக்கே தெரியும். கட்டிக்கொண்டவளுக்குத் தெரியாதா.

"என் மனசு நோகக்கூடாதுன்னு நெனைக்கிறீங்க," என்றாள் நஜாத். குரலில் கோபம்கூட இல்லை; அவருக்காக இரங்குவதுபோலத்தான் இருந்தது. "புள்ளை என்னை வேணாம்னு சொல்லிட்டான், அதைத் தாங்கமாட்டேன்னு நெனைக்கிறீங்க. அதுக்காக அவனைச் சாகடிப்பீங்களா, ஹம்தி அப்பா? என்னை வெறுத்துட்டுப் போகட்டும். என் மூஞ்சியிலே முழிக்காம இருக்கட்டும். எங்கயோ உசுரோட இருக்கான்ல, அது போதும் எனக்கு. அந்த வார்த்தையை இன்னொரு தடவை உங்க வாயால கேட்டேன், நான் வீட்டுக்கு வரமாட்டேன்."

அவர் மறுபடி சொன்னார். முதலிலிருந்து, கரம் சொன்ன ஒவ்வொன்றையும், ரப்பர்ப் படகின் நிறத்தைக்கூட விடாமல் சொன்னார். சொல்லச்சொல்ல அவருக்கே விளங்கியது, பச்சைக்கல்லின் கதையையும் இப்படித்தான் சொல்வார், இதே குரலில், இதே மாதிரி சின்னச்சின்ன விவரங்களைச் சேர்த்து. நிறுத்திவிட்டார். நஜாத் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. அவள் கேட்கவே இல்லை, ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெயில் சாய்ந்தபோது பேருந்துகள் திரும்பி வந்தன. பிரமிடு பார்த்துச் சிவந்துபோன முகங்கள் வரிசையாக இறங்கிக் கப்பலுக்குள் போயின. சமையற்கட்டு ஆட்கள் பொட்டலங்களோடு முன்னமே திரும்பிவிட்டிருந்தார்கள். கப்பல் ஒருமுறை ஊதியது. அந்தச் சத்தத்துக்கு எதிர்க்கரையில் உட்கார்ந்திருந்த கடற்பறவைகள் எல்லாம் எழும்பின. நஜாத் திடுக்கிட்டு எழுந்து, தூக்குப்பாத்திரத்தை அவர் மடியில் வைத்தாள்.

"போங்க. படகை எடுங்க. எனக்காக வேணாம், சோத்தையாவது வாங்கிக்கட்டும். அம்மா கையால ஆக்கினதுன்னு சொல்லுங்க. பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. இத்தனை வருஷம் கண்டவனையெல்லாம் கூவிக் கூப்பிட்டீங்க இல்ல, அவனையும் கூப்பிடுங்க."

மாட்டேன் என்று சொல்ல நினைத்தார். மாட்டேன் என்றால் இவள் கப்பல் போன பிறகும் இந்தப் படியில்தான் உட்கார்ந்திருப்பாள். நாளைக்கும் உட்கார்ந்திருப்பாள். தர்வீஷ் எழுந்தார். கால் மரத்துப்போயிருந்தது. படகை அவிழ்த்து, பாத்திரத்தைப் பலகைமேல் வைத்து, துடுப்பைப் போட்டார்.

மரிபெல்லா துறையைவிட்டு நகர்ந்து, கரையை ஒட்டியே மெதுவாகக் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்தது. மன்ஸியும் மற்ற பம்பூத்திகளும் கடைசி வியாபாரத்துக்காக ஏற்கெனவே அதன் பக்கவாட்டில் படகுகளை ஓட்டிக்கொண்டு, ஒட்டகத்தையும் தட்டையும் தூக்கிக் காட்டிக் கூவிக்கொண்டிருந்தார்கள். தர்வீஷைப் பார்த்ததும் மன்ஸி கூவுவதை நிறுத்தினான். ஒட்டகத்தைக் கீழே வைத்துவிட்டு, புள்ளை இறங்கி வரலையாண்ணே என்று கேட்டான். தர்வீஷ் படகைக் கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார். திரும்பிப் பார்த்தார். படித்துறையின் கடைசிப் படிவரைக்கும் இறங்கி, தண்ணீர் பாதத்தில் படும்படி நின்றாள் நஜாத்.

ஒரு கையால் தூக்குப்பாத்திரத்தைத் தலைக்கு மேலே உயர்த்தினார். மேலே பார்த்தார். வெள்ளைச் சுவர் ஆகாயம்வரை போயிற்று. அதன் உச்சியில் கம்பியோரமாகப் பயணிகள் வரிசையாகச் சாய்ந்து நின்றார்கள்.

"ஹம்தி," என்று கூப்பிட்டார். அது படகைத் தாண்டவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, தொழில்குரலை வரவழைத்து, கால்வாய் அதிரக் கூப்பிட்டார். "ஹம்தி! உங்கம்மா சோறு கொண்டுவந்திருக்காடா!"

மற்றப் படகுகளில் கூவல் ஒவ்வொன்றாக நின்றது. அவர் குரல் மட்டும் தண்ணீர்மேல் போயிற்று. மேலே நின்றவர்கள் குனிந்து பார்த்தார்கள். கிழவன் ஒருவன் பாத்திரம் விற்கிறான் என்று அவர்களுக்குப் புரிந்தது. ஒருத்தி போனை எடுத்துப் படம்பிடித்தாள். வேண்டாம், வேண்டாம் என்று ஒரு கை ஆடியது. பக்கத்தில் இன்னொரு கை ஆடியது. பிறகு அந்த வரிசை முழுக்கச் சிரித்துக்கொண்டே, வேண்டாம், போ என்று கைகளை ஆட்டியது.

கரையில் நஜாத் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினாள். முக்காடு நழுவித் தோளில் விழுந்ததை அவள் கவனிக்கவில்லை. அவளும் கையை ஆட்டினாள்.

"கை ஆட்டறான், ஹம்தி அப்பா," என்று தண்ணீருக்கு மேலே அவள் குரல் வந்தது. "இன்னொரு தடவை கூப்பிடுங்க."

தர்வீஷ் கூப்பிட்டார்.